குடலில் தளரும் காவல்

சிறுநீர்ப்பாதையில் தோன்றும் ஒரு சாதாரணத் தொற்று, முப்பது வயதுக்காரரை இரண்டு நாள் படுக்கவைத்துவிட்டு அகன்றுவிட, அதே கிருமி எழுபத்தைந்து வயதுக்காரரின் உடலில் இரத்த அழுத்தத்தைச் சரித்து, சிறுநீரகத்தை முடக்கி, ஒரு வாரத்துக்குள் உயிருக்கே உலை வைப்பது ஏன் என்ற வினாவுக்கு, ‘வயதாகிவிட்டது’ என்பதே நெடுங்காலம் விடையாகச் சொல்லப்பட்டு வந்தது. அந்த விடை பொய்யன்று. ஆயினும் அது எதையும் விளக்குவதில்லை. வயது கூடும்போது உடலுக்குள் எது தளர்கிறது, அந்தத் தளர்ச்சியில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு நம் மருந்துகளும் உணவும் மருத்துவமனைகளும் சேர்ந்து விளைவித்தது என்று பிரித்துப் பார்க்கும் முயற்சியில், கடந்த இருபது ஆண்டுகளில் ஆய்வாளர்களின் கவனம் எதிர்பாராத ஓர் உறுப்பின்மீது குவிந்திருக்கிறது. அது குடல், இன்னும் துல்லியமாகச் சொன்னால், குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள்.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, அந்த முதியவரின் உடலில் நேர்வதற்கு மருத்துவத்தில் வழங்கும் பெயரான ‘செப்சிஸ்’ என்னும் சொல். ‘ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது’ என்று ஊர்ப்பேச்சில் சொல்லப்படும் இந்நிலை, இரத்தத்தில் கிருமி இருப்பதை மட்டும் குறிப்பதன்று. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் தற்காப்பு வினையே கட்டுமீறிப்போய், நுரையீரல், சிறுநீரகம், மூளை முதலிய சொந்த உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் உயிராபத்தான நிலை என்று 2016-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இதற்கு வரையறை வகுத்தது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் ஏற்பட்டதாகவும், அதன் தொடர்பில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாகவும் 2020-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. வாழ்நாளின் இரு முனைகளில், அதாவது பச்சிளம் பருவத்திலும் முதுமையிலும், இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அறுபது வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல் இருந்த இந்தியாவில் இது ஓர் ஓரத்துச் செய்தி அன்று.

முதுமையில் தற்காப்பு தளரும் விதம் இரண்டு வகைப்படும். அவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றுவதாலேயே இப்பொருள் பலருக்குக் குழப்பம் தருகிறது. மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் என்னும் சுரப்பி, புதிய கிருமிகளை அடையாளம் காணும் ‘டி’ வகை வெள்ளணுக்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் இடம். அது இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாக மாறிவிடுவதால், இதுவரை சந்தித்திராத கிருமியை எதிர்கொள்ளும் புதிய படை குறைந்துபோகிறது. தொற்று நேர்ந்த இடத்துக்கு முதலில் ஓடிச்செல்ல வேண்டிய நியூட்ரோபில் வெள்ளணுக்களும் வழி தடுமாறித் தாமதமாகச் சேர்கின்றன. இது பலவீனம். மறுபுறம், எந்தக் கிருமியும் இல்லாதபோதும் முதியவரின் இரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் சற்றே உயர்ந்த அளவில் இருந்துகொண்டே இருக்கின்றன. இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் ‘முதுமை அழற்சி’ என்ற பொருளில் இதற்குத் தனிப் பெயரே சூட்டினார். தணலாகக் கனன்றுகொண்டிருக்கும் இந்த அழற்சியின்மீது உண்மையான தொற்று வந்து விழும்போது, கிருமியைக் கொல்லும் ஆற்றல் குறைந்தும், சொந்த உறுப்புகளைச் சுடும் வெப்பம் மிகுந்தும் உடல் எதிர்வினை புரிகிறது. அந்தத் தணலை ஊதிக்கொண்டிருப்பது எது என்று தேடியபோதுதான் ஆய்வாளர்கள் குடலை வந்தடைந்தனர்.

பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் வெறும் ஒட்டுண்ணிகள் அல்ல. நம் செரிமான நீர்களால் சிதைக்க முடியாத நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை இந்த அமிலத்திலிருந்தே பெறுகின்றன. சுவர் உறுதியாக இருந்தால் குடலுக்குள் இருக்க வேண்டியது குடலுக்குள்ளேயே நிற்கும். சுவர் மெலிந்தால் பாக்டீரியாவின் துண்டுகளும், சில வேளைகளில் உயிருள்ள பாக்டீரியாக்களும் கசிந்து இரத்தத்தை எட்டும். இவற்றோடு, குடலில் இடம் பிடித்துக் குடியிருப்பவை, வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமிக்கு இடமும் உணவும் கிடைக்காதபடி செய்கின்றன. இந்தக் காவல் எவ்வளவு வலியது என்பதை 1954-இல் அமெரிக்காவில் மார்ஜரி பான்ஹாஃப் குழுவினர் எலிகளில் காட்டினர். சாதாரண எலியின் குடலில் சால்மொனெல்லா கிருமியை வேரூன்றச் செய்ய ஏறத்தாழ 1,00,000 கிருமிகளைப் புகட்ட வேண்டியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை ஒரு முறை கொடுத்துக் குடல்வாசிகளை அழித்தபின், பத்துக்கும் குறைந்த கிருமிகளே போதுமானவையாக இருந்தன. கிருமியின் வலிமை மாறவில்லை. வாசலில் காவல் நின்றவை மட்டும் இல்லாமற்போயின.

இந்தக் குடியிருப்பு வயதோடு மாறுகிறது என்பதற்கு இந்தியாவிலிருந்து கிடைத்துள்ள சான்றுகளில் ஒன்று, அளவில் மிகச் சிறியதாயினும், அமைப்பில் அழகானது. புனேயில் யோகேஷ் ஷௌசே குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறையினர் வாழும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தலைமுறைக்கு ஒருவராக மூவரின் குடல் பாக்டீரியாக்களை ஒப்பிட்டது. ஒரே அடுப்பில் சமைத்து ஒரே நீரைக் குடிப்பவர்களாயினும், அவர்களின் குடல்வாசிகள் வயதுக்கேற்ப வேறுபட்டிருந்தன. ஃபர்மிக்யூட்ஸ் என்னும் பெரும்பிரிவு வயது ஏற ஏறக் குறைய, பாக்டீராய்டெட்ஸ் என்னும் பிரிவு கூடியது. ஐரோப்பியரிடம் முன்னர் பதிவான போக்கிலிருந்து இது வேறுபட்டதாக இருந்தது என்பதை அவ்வாய்வாளர்களே சுட்டிக்காட்டினர். ஆறு பேரை வைத்து ஒரு நாட்டின் முதுமையைப் பற்றி முடிவு கூற இயலாது. ஆனால் ஐரோப்பிய முதியவரின் குடலைப் பார்த்து எழுதப்பட்ட அறிவுரையை இங்குள்ள முதியவருக்கு அப்படியே கொடுத்துவிட முடியாது என்று எச்சரிக்க அந்த ஆறு பேரே போதும்.

மாற்றம் இருக்கிறது என்பது ஒன்று. மாற்றமே அழற்சிக்குக் காரணம் என்பது வேறொன்று. பின்னதை மனிதரில் நிறுவுவது கடினம் என்பதால், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டான் பவுடிஷ் குழுவினர் எலிகளைக் கொண்டு அதை அணுகினர். பிறந்தது முதல் எந்த நுண்ணுயிரும் அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகள் முதுமை அடைந்தபோதும், அவற்றின் இரத்தத்தில் முதுமை அழற்சி தோன்றவில்லை. அவற்றின் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் ஆற்றலையும் இழக்கவில்லை. அத்தகைய தூய எலிகளைச் சாதாரணக் கிழட்டு எலிகளோடு ஒரே கூண்டில் அடைத்து, அவற்றின் குடல்வாசிகளைப் பெறும்படி செய்தபோது அழற்சி உயர்ந்தது; இளம் எலிகளோடு அடைத்தபோது அவ்வாறு உயரவில்லை. 2017-இல் வெளிவந்த இம்முடிவுகள், முதுமையின் அழற்சியில் ஒரு பங்கு கசியும் குடலிலிருந்து புறப்படுகிறது என்ற கருத்துக்கு இன்றுவரை வலுவான சான்றுகளில் ஒன்றாக நிற்கின்றன.

குடல் நுண்ணுயிர் ஆய்வு தென்னிந்தியாவுக்குப் புதிதன்று என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாதன் ஆகியோர் 1960-களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவிய ‘வெப்பமண்டல ஸ்ப்ரூ’ என்னும் நீடித்த வயிற்றுப்போக்கை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். சிறுகுடலில் இருக்கக்கூடாத அளவு பாக்டீரியாக்கள் பெருகுவதற்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பும் அந்த ஆய்வுகளின் பொருளாயிற்று. அதே கல்லூரியின் பி. எஸ். இராமகிருஷ்ணா குழுவினர் 2000-ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட காலரா ஆய்வு, குடல் பாக்டீரியாவைப் பகையாகப் பாராமல் துணையாகக் கொண்ட முன்னோடிச் செயல். 48 காலரா நோயாளிகளை மூன்று பிரிவுகளாக வகுத்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை சென்றுசேரும் ஒருவகை மாவுச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தனர். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த மாவைச் சிறு கொழுப்பு அமிலங்களாக்க, அவை உப்பையும் நீரையும் உறிஞ்சும்படி குடலைத் தூண்டின. வழக்கமான கரைசல் பெற்றவர்களுக்குச் சராசரியாக 90.9 மணி நேரம் நீடித்த வயிற்றுப்போக்கு, மாவுச்சத்துப் பெற்றவர்களுக்கு 56.7 மணி நேரத்தில் நின்றது. தொற்று தாக்கிய வேளையிலும் குடல்வாசிகளுக்கு உணவளித்தால் அவை நோயாளியின் பக்கம் நின்று வேலை செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அரிது.

ஆனால் முதியவரின் அன்றாட வாழ்க்கையில் அந்தக் குடல்வாசிகளுக்கு நேர்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பல் விழுந்தபின் காய்கறியும் பயறும் தட்டிலிருந்து மெல்ல நீங்கி, குழைந்த சோறும் இரசமும் ரொட்டியும் மட்டும் எஞ்சுகின்றன. அயர்லாந்தின் கார்க் நகரில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தோரின் குடல்வாசிகள், சொந்த வீடுகளில் வாழ்ந்தோருடையதைவிட வகையில் குறைந்திருந்தன. அந்தக் குறைவு அவர்களுடைய உணவின் வகைக்குறைவோடும், உடல் நலிவோடும், அழற்சியின் அளவோடும் சேர்ந்தே காணப்பட்டது. பல் கட்டுவது அழகுக்காக மட்டும் செய்யும் செலவு என்று கருதப்படும் வீடுகளில், அது குடலுக்கும் செய்யும் மருத்துவம் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

உணவைவிட விரைந்து தீங்கு செய்வது மருந்து. ஆன்டிபயாட்டிக் மாத்திரை நோய்க்கிருமியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. வைரஸால் வரும் சளிக்கும் இருமலுக்கும் பயனே தராத அம்மருந்தை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி இரண்டு நாள் விழுங்கும்போது, சளி தானாகத் தீர்கிறது, குடலின் காவல் மட்டும் கலைகிறது. இளையவரின் குடல் சில வாரங்களில் பெருமளவு மீண்டுவிடும்; முதியவரின் குடலுக்கு அந்த மீட்சி எளிதன்று. வயிற்று எரிச்சலுக்கென்று தொடங்கி ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் தொடரப்படும் பான்டோபிரசோல், ஒமெபிரசோல் வகை மாத்திரைகள், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லும் இரைப்பை அமிலம் என்ற முதல் அரணைத் தாழ்த்திவிடுகின்றன. அவை தேவைப்படும் நோயாளிகள் உண்டு. தேவை தீர்ந்தபின்னும் பழக்கத்தால் விழுங்குவோரும் பலர்.

காவல் கலைந்த குடலுக்கும் பின்னர் வரும் செப்சிஸுக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்க முதியோரின் மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு ஹாலி பிரெஸ்காட் குழுவினர் 2015-இல் மதிப்பிட்டனர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் 90 நாட்களில் தீவிர செப்சிஸ் தாக்கும் வீதம் பிற காலங்களைவிட மூன்று மடங்காக இருந்தது. தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டவர்களிடம், வேறு காரணங்களுக்காகச் சேர்க்கப்பட்டவர்களைவிட அது 30 சதவீதம் கூடியிருந்தது. குடல்வாசிகள் அழிந்த குடலில் பெருகும் ‘க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்’ கிருமியால் வயிற்றுப்போக்குக்கு ஆளானவர்களிடம், பிற தொற்றுகளோடு சேர்ந்தவர்களைவிட 70 சதவீதம் கூடியிருந்தது. குடல் எவ்வளவு குலைந்ததோ அவ்வளவு ஆபத்து என்ற இந்தப் படிநிலை, காரணத்தை உறுதிசெய்யாவிடினும், அதன் திசையைக் காட்டுகிறது. ‘டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது’ என்று குடும்பம் நிம்மதி கொள்ளும் அந்த மூன்று மாதமே கூடுதல் விழிப்பு வேண்டிய காலம்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. முதியோருக்கு வரும் செப்சிஸில் கணிசமான பங்கு சிறுநீர்ப்பாதையில் தொடங்குகிறது. அதை உண்டாக்கும் ஈ-கோலை, க்ளெப்சியெல்லா ஆகிய கிருமிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை அல்ல, நோயாளியின் சொந்தக் குடலில் குடியிருப்பவை. ஆகவே அந்தக் குடலில் மருந்துக்கு அடங்காத வகைகள் இடம்பிடித்திருந்தால், தொற்று வரும் நாளில் முதல் மருந்தே தோற்றுப்போகும். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையும் சிதைக்கும் ‘என்டிஎம்-1’ என்னும் நொதியைத் தாங்கிய கிருமிகள் சென்னையிலும் பிற இடங்களிலும் இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு 2010-இல் உலகுக்கு அறிவித்தது. அதைத் தொடர்ந்து 2012-இல் மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ ஆன்டிபயாட்டிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு கோரியது. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவர் சீட்டுப் பெற்று, பதிவேட்டில் எழுதியே விற்க வேண்டும் என்ற ‘எச்1’ அட்டவணை நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கிறது, அது கடைவாசல்வரை வந்து நிற்பதில்தான் இன்னும் குறை இருக்கிறது.

குடல்வாசிகளை மீட்க என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வரும்போது, நம்பிக்கையும் சான்றும் தனித்தனியே நிற்க வேண்டும். ஒடிசாவின் கிராமங்களில் பினாகி பாணிக்ராஹி குழுவினர் 4,556 பச்சிளங்குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2017-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனையில், லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்னும் நற்கிருமியையும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் பிறந்த முதல் நாட்களில் ஒரு வாரம் கொடுத்தபோது, செப்சிஸும் இறப்பும் சேர்ந்த விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. மலிவான ஒரு புகட்டு மருந்து இவ்வளவு உயிர்களைக் காத்தது இந்திய மருத்துவ ஆய்வின் பெருமைக்குரிய பக்கம். ஆனால் பச்சிளங்குழந்தையின் குடல் இன்னும் குடியேறாத வெற்றிடம். முதியவரின் குடலோ எண்பது ஆண்டு வாழ்ந்து குலைந்த ஊர். முன்னதில் வேரூன்றிய விதை பின்னதிலும் வேரூன்றும் என்று கருத இடமில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருந்த 2,650 நோயாளிகளுக்கு வேறொரு நற்கிருமியைக் கொடுத்துச் சோதித்து 2021-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், நிமோனியா சிறிதும் குறையவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கொடுத்த நற்கிருமியே நோயாளியின் இரத்தத்தில் புகுந்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே கடையில் விற்கும் ப்ரோபயாடிக் பொட்டலத்தை முதியவருக்குக் காப்பு எனக் கருதி, மருத்துவரைக் கேளாமல் கொடுப்பது சரியன்று.

உணவைப் பொறுத்தவரை நிலைமை சற்று நம்பிக்கையூட்டுவது. தமிழில் பழைய சோறு என்றும் தெலுங்கில் சத்தன்னம் என்றும் வழங்கும் உணவில், ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி, வேலூர் ஆய்வில் பயன்பட்ட மாவைப் போலவே பெருங்குடலைச் சென்றடைகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளிடம் பழைய சோற்றின் பயனை ஆராயத் தொடங்கியதும் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. ஆயினும் தண்ணீரும் பாத்திரமும் தூய்மையாக இல்லாவிட்டால் அந்தச் சோற்றிலேயே நோய்க்கிருமியும் பெருகும் என்பதால், நோயால் மெலிந்திருக்கும் முதியவருக்கு அதைக் கொடுப்பதில் கவனம் வேண்டும். கேழ்வரகுக் களி, இராயலசீமையில் ராகி சங்கடி எனப்படுவது, வேகவைத்து மசித்த பயறு, கீரை, மோர் ஆகியவை பல்லில்லாத வாய்க்கும் ஏற்றவை. நார்ச்சத்துக்கென்று தனியே டப்பா வாங்க வேண்டிய தேவை பெரும்பாலான வீடுகளில் இல்லை.

இவ்வளவையும் மீறி செப்சிஸ் வந்துவிட்டால், அடுத்த கேள்வி நேரம் பற்றியது; ஆந்திரத்தில் சொர்ணமுகி ஆற்றங்கரையில், சென்னை-கூடூர் ரயில் பாதையில் அமைந்த நாயுடுபேட்டையை எடுத்துக்கொள்வோம். திருப்பதியின் பெரிய மருத்துவமனைகள் அறுபது எழுபது கிலோமீட்டர் தொலைவிலும், சென்னை ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்க, இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த கிராமங்களிலும் செப்சிஸ் கண்ட முதியவருக்குச் சாலையிலேயே மணிக்கணக்கில் கழிந்துவிடக்கூடும். செப்சிஸால் இரத்த அழுத்தம் சரிந்துவிட்ட நிலையில், கண்டறிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் செலுத்த வேண்டும் என்பதே பன்னாட்டு வழிகாட்டுதல். பயணத்தைச் சுருக்க முடியாத இடத்தில், புறப்படும் நேரத்தை முன்னே கொண்டுவருவது ஒன்றே வழி.

அதற்குத் தடையாக இருப்பது, முதியவரின் செப்சிஸ் காய்ச்சலோடுதான் வரும் என்ற எண்ணம். தளர்ந்த தற்காப்பால் உடல் சூடேறாமலே போகலாம். சில வேளைகளில் உடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் இருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேத்தியின் பெயரைத் தடுமாறுவது, பகலெல்லாம் உறங்குவது, காரணமின்றி விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, சிறுநீர் குறைவது ஆகியவையே பல நேரங்களில் முதல் அடையாளங்கள். இவற்றை ‘வயசு’ என்று ஒதுக்கிவிடாமல், மூச்சை எண்ணிப் பார்க்கலாம். அமைதியாகப் படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழ் இறங்கினாலோ, மறுநாள் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருப்பதற்கு இடமில்லை. நிமோனியாவுக்கும் இன்ஃபுளூயன்சாவுக்கும் உரிய தடுப்பூசிகள் முதியோருக்கும் உண்டு என்பதை, உடல் நன்றாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

புறப்படும்போது கையில் எடுத்துச்செல்ல வேண்டியது பழைய மருந்துச் சீட்டுகளும், கடந்த மூன்று மாதத்தில் விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளும். அண்மையில் எந்த ஆன்டிபயாட்டிக் உட்கொள்ளப்பட்டதோ, அதற்கு அடங்காத கிருமியே அந்தக் குடலில் எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே முதல் ஊசியாக எதைத் தேர்வது என்று நள்ளிரவில் முடிவெடுக்க வேண்டிய பணிநேர மருத்துவருக்கு, ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல இரண்டு மூன்று நாட்கள் ஆகும் நிலையில், அந்த வெற்று அட்டைகளே கிடைக்கும் முதல் தகவல்.